பெட்டி தள்ளினால் மூளை வளருமா?

"எப்பப் பாரு கேம்ஸ்! அந்த நேரத்துல ரெண்டு கணக்குப் போட்டாலாவது உருப்படலாம்."

இது எங்கள் வீட்டில் தினமும் ஒலிக்கும் சுப்ரபாதம். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். சுட்டுத் தள்ளும் விளையாட்டுகளுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் புதிர் விளையாட்டுகளையும் அதே மூட்டையில் கட்டுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

சோகோபானையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானைச் சேர்ந்த ஹிரோயுகி இமாபயாஷி உருவாக்கி, 1982-ல் வெளிவந்த விளையாட்டு. ஒரு கிடங்கு, சில பெட்டிகள், அவற்றை வைக்க வேண்டிய இடங்கள். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு தடவைக்கு ஒரு பெட்டிதான். அவ்வளவுதான் விதி. ஆனால் ஒரு பெட்டி மூலையில் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது. வாசல் பக்கத்து இடத்தை முதலில் நிரப்பிவிட்டால் உள்ளே போக வழியே இருக்காது. ஆகவே கடைசியில் எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும்.

நான் ஒரு கட்டத்தில் இரண்டு நாள் திணறினேன். பொறுமை போய், இணையத்தில் விடையைத் தேடி அப்படியே தள்ளினேன். ஜெயித்தாச்சு! ஆனால் அடுத்த கட்டத்தில் இன்னும் மோசமாக மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் உறைத்தது. ப்ளஸ் டூ கணக்கிலும் நான் செய்தது இதைத்தானே! கைடில் விடையைப் பார்ப்பது, மனப்பாடம் செய்வது, தேர்வில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் முழிப்பது. எந்த ஆசிரியரின் திட்டும் புரியவைக்காததை ஒரு மரப்பெட்டி புரியவைத்தது.

சரி, விளையாடினாலே எல்லாம் வந்துவிடுமா? அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 77 மாணவர்களைப் பிரித்து, சிலரை 'போர்ட்டல் 2' என்ற புதிர் விளையாட்டையும் மற்றவர்களை 'லூமோசிட்டி' என்ற மூளைப் பயிற்சியையும் 8 மணி நேரம் ஆடவைத்தார்கள். 2015-ல் வெளியான முடிவின்படி, புதிர்களைத் தீர்ப்பதிலும் விடாமுயற்சியிலும் போர்ட்டல் ஆடியவர்களே முந்தினார்கள். நல்ல செய்திதான். ஆனால் இது சிறிய ஆய்வு. இதை வைத்து "கேம் ஆடினால் மார்க் கூடும்" என்று அம்மாவிடம் வாதாடினால் தோற்றுப்போவோம்!

கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945-லேயே ஒரு சிக்கலைத் தீர்க்க நான்கு படிகள் சொன்னார்: புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். முதல் மூன்றையும் விளையாட்டே வாங்கிவிடும். நான்காவதைத்தான் நாம் செய்வதில்லை. ஜெயித்தவுடன் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுகிறோம், விடை வந்தவுடன் அடுத்த கணக்குக்குத் தாவுவது போல.

அங்கேதான் ஆசிரியர் வேண்டும். வாரம் ஒரு பீரியட் கணினி அறையில் சோகோபான் ஆடவிடுங்கள். விடை பார்க்கக் கூடாது. முடித்தவன் எழுந்து, எங்கே மாட்டினான், எப்படி வழி கண்டுபிடித்தான் என்று சொல்லட்டும். முடிக்காதவனும் சொல்லட்டும். அந்தப் பேச்சுதான் பாடம்.

அதுவரை வீட்டில் திட்டு விழத்தான் செய்யும். பரவாயில்லை, அதுவும் ஒரு புதிர்தான். மூலையில் மாட்டாமல் தள்ளிக்கொண்டு போவோம்.