பட்டினத்துக்குப் பெயர் தந்த ராஜா!

கல்பாக்கம் பக்கம் போனால், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையைச் சுற்றிப் பார்த்திருப்பீர்கள். டச்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இந்தத் துறைமுகத்துக்கு இன்னொரு பெயர் உண்டு... ராஜநாராயணன் பட்டினம்!

யார் இந்த ராஜநாராயணன்? 14-ம் நூற்றாண்டில் படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட சம்புவராய மன்னர். சோழர்களுக்கு அடங்கிய சிற்றரசர்களாக இருந்த குடும்பம், சோழரும் பாண்டியரும் சாய்ந்த பிறகு தனியரசானது. ஆனால், தெற்கே மதுரை சுல்தான்கள். வடமேற்கே புதிதாக எழுந்த விஜயநகரம். நடுவில் நெருக்குண்டது இவர்கள் ராஜ்ஜியம். புக்கரின் மகன் குமார கம்பணர் படையோடு வந்தார். சம்புவராயர் கொடி சாய்ந்தது.

கம்பணரின் வெற்றியை அவர் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்று காவியமாகவே பாடிவிட்டார். தோற்றவர்களைப் பாட யார் இருக்கிறார்கள்? மிஞ்சியவற்றில் கல்வெட்டுகளும் இந்த ஊர்ப் பெயரும் உண்டு. அந்தப் பெயரும் இப்போது புழக்கத்தில் இல்லை.

அடுத்தமுறை கோட்டைக்குப் போகும்போது, பிள்ளைகளிடம் ராஜநாராயணன் பெயரையும் ஒருமுறை சொல்லுங்களேன்!