கோல் போஸ்ட்டில் நிற்கும் பெண்ணும் நம் வீட்டுப் பெருமையும்

பதிவு கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபமும் இருக்கும். டீச்சர் திட்டுவது ஒன்றும் புதுசில்லையே, படித்துவிடுங்கள்.

அதிதி சௌஹான் 2025 ஜூலையில் ஓய்வை அறிவித்ததிலிருந்து நம் குரூப்புகளில் ஒரு படம் சுற்றுகிறது. கையுறை போட்டுக்கொண்டு நிற்கிறார். கீழே, "சென்னையில் பிறந்த நம்ம பொண்ணு, இங்கிலாந்து போய் கால்பந்து ஆடிய கோல்கீப்பர், பெருமையோடு பகிருங்கள்" என்று வாசகம். எனக்கு மட்டும் நாலு பேர் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த நாலு பேரில் மூன்று பேர் வீட்டில் பத்து வயது தாண்டிய பெண்பிள்ளை இருக்கிறது. ஒன்றுகூட மைதானத்தில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம்ம பொண்ணு என்கிறீர்கள். சரி, கணக்குப் பார்ப்போம். 1992-ல் சென்னையில் பிறந்தது உண்மை. சின்ன வயதிலேயே குடும்பத்தோடு டெல்லிக்குப் போய்விட்டார். கராத்தே, கூடைப்பந்து என்று இருந்தவர் கோல்கீப்பர் ஆனது அங்கேதான். டெல்லி அணி, பிறகு இந்திய அணி. நம் பக்கத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது ஒரு பிறப்புச் சான்றிதழ். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் பெருமை அந்த ரகம்.

இங்கிலாந்துக்கு அவரை எந்த கிளப்பும் விமானம் வைத்துக் கூட்டிக்கொண்டு போகவில்லை. லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மேலாண்மை முதுகலை படிக்கப் போனார். படித்துக்கொண்டே ஆடினார். 2015 ஆகஸ்டில் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியில் சேர்ந்தார். வெஸ்ட் ஹாம் என்றதும் டிவியில் வரும் கூட்டத்தையும் கோடிக்கணக்கான சம்பளத்தையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண்கள் அணி அப்போது மூன்றாம் நிலை லீக்கில் இருந்தது. அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

முதல் ஆட்டம் ஆகஸ்ட் 16, கோவென்ட்ரி அணியோடு. என்ன ஆனது தெரியுமா? ஐந்து கோல். 0–5 தோல்வி.

நீங்கள் பகிர்ந்த படத்தில் இந்த ஐந்து கோல் இல்லை. எனக்கோ அந்தக் கதையிலேயே அதுதான் முக்கியமான வரி. ஃபார்வர்டு ஆடுகிற பிள்ளை பத்து தடவை தவறவிட்டு ஒரு கோல் போட்டால் தோளில் தூக்கிக்கொள்வார்கள். கோல்கீப்பர் பத்து பந்தைப் பிடித்து ஒன்றை விட்டால், அந்த ஒன்று மட்டும் வலைக்குள் கிடந்து எல்லாருக்கும் தெரியும். அறிமுக ஆட்டத்தில், அந்நிய நாட்டில், ஐந்து தடவை வலைக்குள் இருந்து பந்தை எடுத்த பெண் மறுபடியும் கையுறையை மாட்டிக்கொண்டு போய் நின்றார். நம் வீட்டுப் பெண் மாவட்டப் போட்டியில் 0–5 என்று தோற்று வந்தால் என்ன சொல்வோம்? "போதும்மா, ஆடினது போதும். புஸ்தகத்தை எடு." அதோடு அந்தக் கையுறை பரணுக்குப் போய்விடும்.

இன்னொருவர் கதையையும் சொல்கிறேன், காத்திருப்பது என்றால் என்ன என்று தெரியட்டும். குர்ப்ரீத் சிங் சந்து, மொகாலிக்காரர். ஈஸ்ட் பெங்காலில் ஆடிக்கொண்டிருந்தவர் 2014 ஆகஸ்டில் நார்வே நாட்டு ஸ்டாபெக் கிளப்புக்குப் போனார். வயது 22. அமெரிக்க தேசிய அணிக்கே பயிற்சி கொடுத்த பாப் பிராட்லி அப்போது அங்கே கோச். போன மறுநாளே ஆடவிட்டார்களா? இல்லை. அணியில் ஏற்கெனவே ஒரு கீப்பர் இருந்தார். கோல்கீப்பர் வேலையில் ஒரு இடம்தான், பாதி நேரம் நீ ஆடு பாதி நேரம் நான் என்பதெல்லாம் கிடையாது. இடையில் கோப்பைப் போட்டியில் வாய்ப்பு கிடைத்தது. லீக் ஆட்டத்தில் இறங்கியது 2016 மே மாதம். ஒன்றே முக்கால் வருஷம்! பனியிலும் குளிரிலும் தினம் பயிற்சி, ஆட்டத்தன்று பெஞ்ச். அந்த ஜூன் 30-ல் வேல்ஸ் நாட்டு கோனாஸ் க்வே அணிக்கு எதிராக யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் இறங்கி, அந்தப் போட்டியில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். அதிலும் காயம் பட்டுப் பாதியில் வெளியேற வேண்டி வந்தது. 2017-ல் திரும்பி வந்து பெங்களூரு அணியில் சேர்ந்தார். 2019-ல் அர்ஜுனா விருது.

இப்போது என் கேள்வி. நீட் எழுதி மார்க் வராவிட்டால் ரிப்பீட்டர் பேட்ச் என்று ஒரு வருஷம், அதிலும் வராவிட்டால் இன்னொரு வருஷம். லட்சக்கணக்கில் கட்டுகிறோம், நகையை அடகு வைக்கிறோம். யாராவது வாய் திறந்து "ரெண்டு வருஷம் வீணாப் போச்சே" என்கிறோமா? முயற்சி பண்ணுகிறான் என்கிறோம். அதே ஒன்றே முக்கால் வருஷம் ஒரு பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் மட்டும் "வெட்டியா சுத்துறான்". எந்த நியாயம் இது?

பெண்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். கோல்கீப்பருக்குக் கை முக்கியம், கால் முக்கியம். எல்லாவற்றையும்விட முக்கியம் வாய். முழு மைதானமும் தெரிகிற ஒரே ஆள் அவள்தான். "இடது பக்கம் வா", "ஆளைப் பிடி", "என் பந்து" என்று தொண்ணூறு நிமிஷமும் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். கத்தாத கீப்பர் பாதி கீப்பர். நாம் எப்படி வளர்க்கிறோம்? பொம்பளப் பிள்ளை சத்தம் வாசலைத் தாண்டக் கூடாது. ஓடாதே, குதிக்காதே, விழாதே, முழங்கால் தெரியாதே. அந்த வேலைக்கு என்னென்ன வேண்டுமோ, அத்தனையையும் ஒன்று விடாமல் தடுத்து வைத்துவிட்டு, எங்கேயோ வளர்ந்த பெண்ணுக்குக் கைதட்டுகிறோம்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு பெண் இருந்தாள். பெயர் சொல்ல மாட்டேன், இந்தப் பதிவை அவளும் படிப்பாள். எறிபந்தில் அவள் கையிலிருந்து பந்து தப்பியதே கிடையாது. பக்கவாட்டில் தாவிப் பிடிப்பாள். ஏழாம் வகுப்பில் பெரிய மனுஷி ஆனாள், அதோடு சரி. வீட்டில் அனுப்பவில்லை. நான் போய் அவள் அம்மாவிடம் பேசினேன். "டீச்சர், நாளைக்குக் கை கால் ஒடைஞ்சா யாரு கட்டுவா?" என்றார். பள்ளி நிர்வாகமும் "வம்பு எதுக்கு டீச்சர், விட்டுடுங்க" என்றது. பதினெட்டு முடிந்ததும் அதே பெண்ணை ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்கு அனுப்பினார்கள். விடியற்காலை ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட். வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் அவள் தம்பி படித்தான். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கத் தாங்குகிற பெண் உடம்பு, தொண்ணூறு நிமிஷம் கோல் போஸ்ட்டில் நிற்கத் தாங்காதா? நள்ளிரவில் கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்தால் பேசாத ஊர், சாயங்காலம் ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்து வந்தால் மட்டும் பேசுமா?

நம்ம பக்கத்தில் இதெல்லாம் நடக்காது டீச்சர் என்று ஒருத்தர் போன தடவை கமென்ட் போட்டீர்கள். கடலூர் என்ன நார்வேயிலா இருக்கிறது? இந்துமதி கதிரேசன் அந்த ஊர்ப் பெண். இந்திய அணிக்கு ஆடினார், நம் காவல் துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பெண்கள் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசிய சாம்பியன் ஆனார்கள். பெண்கள் கால்பந்தில் மணிப்பூரை வெல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. அந்தச் செய்தியை நம் குரூப்பில் ஒருவரும் பகிரவில்லை. இங்கிலாந்து என்ற வார்த்தை அதில் இல்லையே!

பள்ளிக்கூடத்தையும் விடமாட்டேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. மைதானம் இருக்கிற இடத்திலும் என்ன நடக்கிறது? பி.டி. பீரியட் என்பது டைம் டேபிளில் இருக்கும், மணி அடித்ததும் கணக்கு சார் உள்ளே வருவார். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது. இதற்கு ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. பெற்றோர் கூட்டத்தில் "ஏன் விளையாட விடவில்லை" என்று கேட்ட ஒரு அப்பாவை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. "ஏன் விளையாட விடுறீங்க" என்று கேட்டவர்கள் ஏராளம்.

"எல்லாரும் அதிதி ஆகிட முடியுமா அத்தை?" என்று என் அண்ணன் மகன் கேட்டான். முடியாதுதான். எல்லாரும் கலெக்டர் ஆகவும் முடியாது. அதற்காகப் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டோமா? விளையாட்டை மட்டும் ஏன் வேலை, கோட்டா, விருது என்று தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்? அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருப்பது நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது கிடைக்குமா என்று முதலில் விசாரித்துவிட்டுப் பிள்ளை கையில் பந்தைக் கொடுப்பது என்ன பழக்கம்?

ஆண்பிள்ளைகள் பெற்றவர்களே, நீங்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தெருவில் பையன்கள் ஆடும்போது பார்த்திருக்கிறேன். குண்டாக இருக்கிறவனை, ஓடத் தெரியாதவனை, "நீ போய் கோல்ல நில்லுடா" என்று அனுப்புகிறார்கள். அது தண்டனை இடம் மாதிரி ஆகிவிட்டது. கோணம் பார்த்து முன்னே வருவது, பந்து வரும்முன் காலை வைப்பது, விழுவது எப்படி, விழுந்து எழுவது எப்படி, இதையெல்லாம் தனியாகச் சொல்லித்தர வேண்டிய வேலை அது. சொல்லித்தர ஒரு ஆளை நம் ஊரில் எத்தனை பள்ளி வைத்திருக்கிறது?

அந்தப் படத்தை இனி எனக்கு அனுப்ப வேண்டாம். அதற்குப் பதில், உங்கள் பிள்ளையின் டைம் டேபிளை ஒரு போட்டோ எடுத்து இந்தப் பதிவின் கீழே போடுங்கள். பி.டி. பீரியட் எந்தக் கிழமை, போன மாதம் எத்தனை நாள் உண்மையில் நடந்தது என்று பிள்ளையிடமே கேட்டு எழுதுங்கள். சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தாளை நானே எடுத்துக்கொண்டு உங்களோடு வருகிறேன். முழங்கால் வலி இருக்கிறது, ஆட்டோ மட்டும் பிடித்துக் கொடுங்கள்.