விலாவில் அடிபட்டால் முதலில் ஆஸ்பத்திரி



பளைப் பக்கத் தென்னந்தோட்டங்களில் மரத்தால் விழுந்து விலா நொந்தவர் முதலில் போவது முறிவு நெரிவுப் பரியாரியிடம். எண்ணெய் பூசி, புக்கை வைத்துக் கட்டினால் நோவு தணிகிறது. அந்தக் கைவைத்தியத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1984 முதல் சித்த மருத்துவம் கற்பிக்கிறது. கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது.

ஆனால் விலா, கை கால் போன்றதல்ல. நெஞ்சை இறுக்கிக் கட்டினால் ஆழமாக மூச்செடுக்க முடியாது. சளி தேங்கி நியுமோனியா வரலாம். உடைந்த எலும்பு நுரையீரலைக் குத்தியிருக்கலாம். கீழ் விலாவில் அடி என்றால் ஈரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். மூச்சுத்திணறல், இரத்தம் கலந்த சளி, மயக்கம், வயிற்றுநோவு இருந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் நாட்கூலி போய்விடும் என்ற பயம் எமக்குத் தெரியும். போகாவிட்டால் நட்டஈடும் போய்விடலாம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வேலையில் அடிபட்டவருக்கு உரிமை தருகிறது. ஆனால் ஆஸ்பத்திரித் துண்டு இல்லாவிட்டால், “வேலையில் விழவேயில்லை” என்று நிர்வாகம் கைவிரிக்கும்.

சாதாரண விலா முறிவு ஆறத் தோராயமாக ஆறு கிழமை வேண்டும். அந்த ஆறு கிழமையும் சம்பளத்துடன் ஓய்வு, விழுந்த அன்றே வாகனம்: இவை எமது கோரிக்கைகள்.

அடிபட்ட அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், துண்டை எடுங்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள். புக்கை வேண்டுமானால் பிறகு டொக்டரிடம் கேட்டு வைக்கலாம்.