துருவைச் சுரண்டினால் படிப்பு போய்விடுமா?

மூன்றாமாண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு

நம்ம ஒர்க்‌ஷாப்பில் வெட்டி வைத்த எஞ்சின் ஒன்று நிற்கிறதே, சிவப்பும் மஞ்சளும் பெயிண்ட் அடித்து, பிஸ்டன் வெளியே தெரிகிற மாதிரி, அது ஓடி யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஓடாது. அதைப் பார்த்துப் படம் வரைந்தோம், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம். இப்போது கடைசி வருஷம், புராஜெக்ட் வந்து நிற்கிறது. நம்மில் எத்தனை பேர் ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு ரெடிமேடாக வாங்கி வரப் போகிறோம் என்பது ஊரறிந்த ரகசியம். மெஷினும் தருகிறார்கள், ரிப்போர்ட்டும் பைண்டிங் பண்ணித் தருகிறார்கள், வைவாவில் என்ன கேட்பார்கள் என்பதுகூட அந்த ரேட்டிலேயே அடக்கம்!

என் தாழ்மையான கருத்து இதுதான். அந்தக் காசுக்கு ஒரு ஓட்டைக் காரை வாங்கி, ஆறு பேர் சேர்ந்து ஓட வைத்தால், அதுவே புராஜெக்ட்டாக ஏற்கப்பட வேண்டும்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. கரூர் ரோட்டில் முக்கொம்புக்கு முன்னாடி என் மாமாவுக்கு ஒரு சின்ன டிங்கர் பட்டறை இருக்கிறது. பட்டறை என்றால் பெரிசா நினைக்காதீங்க. வீட்டை ஒட்டி நாலு கம்பம், மேலே ஆஸ்பெஸ்டாஸ், அவ்வளவுதான். அங்கே ஒன்றரை வருஷமாக ஒரு கான்டெசா நிற்கிறது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் பல வருஷம் மக்கிப் போன வண்டி. பழைய இரும்பு விலைக்கே மாமா வாங்கினார். சனி, ஞாயிறு நானும் அதில்தான் கிடக்கிறேன்.

கான்டெசா என்றால் நம்ம அப்பாக்களுக்குச் சட்டென்று தெரியும். தொண்ணூறுகளின் சினிமாவில் வில்லன் இறங்குகிற கார்! நீளமான பானெட், முகத்தில் நாலு வட்ட விளக்கு. அமெரிக்காக்காரன் ‘மஸில் கார்’ என்று ஒன்றைச் சொல்வான். 1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் அதற்கு முன்னோடி என்பார்கள். நடுத்தர சைஸ் காருக்குள் 6.4 லிட்டர் வி-8 எஞ்சினைத் திணித்து, 325 குதிரைத்திறன் எடுத்தார்கள். நம்ம ஊரில் அந்தப் பட்டத்தைக் கான்டெசாவுக்குக் கொடுத்துவிட்டோம். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? இங்கிலாந்து வாக்ஸ்ஹால் விக்டர் காரின் உடம்பு. அதற்குள் அம்பாசிடரின் அதே 1489 சி.சி. எஞ்சின், 50 குதிரைத்திறன்! பயில்வான் உடம்பில் பள்ளிக்கூடப் பையனின் இதயம். உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் ஆரம்பித்து 2002-ல் நிறுத்தியது. இடையில் 1.8 லிட்டர் இசுசு எஞ்சின், அஞ்சு கியர் எல்லாம் வந்து வண்டி தேறியது. எங்களிடம் இருப்பது பழைய 1489. ஒரு வகையில் எங்கள் அதிர்ஷ்டம். அம்பாசிடர் 2014 வரை ஓடியதால் எஞ்சின் சாமான்கள் இன்னும் கிடைக்கின்றன. கிடைக்காதது கண்ணாடியும் ரப்பர் பீடிங்கும்தான்.

வேலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்த மலர் போதாது. முதல் நாள் மாமா என் கையில் ஸ்பானரைக் கொடுக்கவில்லை, ஒரு காந்தத்தைக் கொடுத்தார். "மாப்ள, வண்டி முழுக்க வச்சுப் பாரு. எங்க ஒட்டலையோ அங்க சாக்பீஸால வட்டம் போடு." காந்தம் ஒட்டாத இடமெல்லாம் தகரம் இல்லை, முன்னாடி எவரோ பட்டி பார்த்து மூடி வைத்த ஓட்டை. சாயந்திரம் பார்த்தால் வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி வட்டங்கள்! கதவின் அடியில் தண்ணீர் வடிய வைத்த துளைகள் மண்ணடைத்து உள்ளேயே நீர் நின்றிருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. இந்த வண்டிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். அதனால் தரைத் தகரம் போனால் அழகு மட்டும் போகவில்லை, எலும்பே போய்விட்டது என்று அர்த்தம். மேலே பெயிண்ட்டைப் பார்த்து எதையும் நம்பாதே என்பது மாமாவின் முதல் பாடம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகள் ஆற்றோடு போனதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

தரைக்கு ஒட்டுப் போட மெல்லிய தகரம். அதில் கேஸ் வெல்டிங்கை நேர்கோடாக இழுத்தால் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். அதனால் இந்த மூலையில் ஒரு டேக், எதிர் மூலையில் ஒரு டேக், ஆறவிட்டு நடுவில் ஒன்று. நாம் தெர்மல் எக்ஸ்பான்ஷன், ரெசிடியுவல் ஸ்ட்ரெஸ் என்று ரெண்டு மார்க் கேள்வியாகப் படித்ததை மாமா, "தகரத்தை ஒரே இடத்துல சுட்டா கோவிச்சுக்கும்டா" என்கிறார். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். டாலியை உள்ளே வைத்துச் சுத்தியலால் தட்டும்போது சத்தத்தைக் கேட்டே தகரம் எங்கே மெலிந்திருக்கிறது என்று சொல்வார்.

எஞ்சின் ஜாம். பிளக்குகளைக் கழற்றி, துளை வழியே டீசலை ஊற்றி ஒரு வாரம் ஊறப் போட்டோம். பிறகு கிராங்கைக் கையால் முன்னும் பின்னும் துளித்துளியாக அசைத்து விடுவித்தோம். ஹெட்டைக் கழற்றி அளந்தால் சிலிண்டர் தேய்ந்திருந்தது. அங்கேதான் என் படிப்பு வேலைக்கு வந்தது. போர் 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88.9, சிலிண்டர் நாலு. நம்ம ஃபார்முலாவைப் போட்டால் 1489 சி.சி. சொல்லி வைத்த மாதிரி வருகிறது! நாற்பது தௌ ஓவர்சைஸ் போர் பண்ணினால் எவ்வளவு என்று மாமா கேட்டார். சுவரிலேயே கரியால் போட்டுக் காட்டினேன். 1531. "அட, நாப்பத்திரண்டு சி.சி. சும்மா கிடைக்குதே!" என்று சிரித்தார். நாற்பது வருஷமாக அந்தத் தொழிலைச் சுற்றி இருக்கிறவர், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெட்ரோல் விஷயமும் இருக்கிறது. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. 2000-ஆம் ஆண்டோடு நாட்டில் ஈய பெட்ரோல் நின்றுபோனது, அதனால் வால்வு சீட்டுகளைக் கடினமான ரகமாக மாற்ற வேண்டும். இப்போது வருவதோ 20 சதவீத எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும், ஈரத்தையும் இழுக்கும். டேங்க்கில் இருந்து கார்புரேட்டர் வரை குழாய் எல்லாம் புதுசு. பிரேக்கை முடிக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்பது மாமாவின் சட்டம். இன்னொன்று, லேத்துப் பட்டறைக்கு ஒரு புஷ் செய்யப் போனேன். வெர்னியரில் அளந்து, டாலரன்ஸ் போட்ட டிராயிங்கோடு போனேன். லேத்துக்கார அண்ணன் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விரலால தள்ளினா போகணும், ஆட்டினா ஆடக் கூடாது, அதானே?" என்றார். ஹோல் பேஸிஸ் சிஸ்டம் முழுக்க ஒரே வரியில்! ஆனால் அவரே அந்த டிராயிங்கை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த கான்டெசா வந்தால் அளக்க வேண்டாமாம்.

இங்கேதான் எனக்கும் என் அப்பாவுக்கும் சண்டை. அப்பா ஜீயபுரம் பக்கம் வாழைத்தோட்டங்களில் தார் சுமக்கிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். காருக்கு அடியில் நான் படுத்திருப்பதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "ஏன்டா, கரியைப் பூசிக்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்? வெள்ளைச் சட்டையோட வேலைக்குப் போகணும்னுதானே சுமந்தேன்?" என்பார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நா எழாது. தோளில் காய்ப்பு ஏறிய மனிதர். கை அழுக்காகிறவனை இந்த ஊர் எப்படி நடத்தும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மாமாவின் கையில் இருக்கும் வித்தைக்கு ஒரு சர்ட்டிபிகேட் இருந்திருந்தால் அவர் பெயர் வேறு, கூலி வேறு. ‘டேய் டிங்கர்’ என்று கூப்பிடுகிறவன் ‘சார்’ என்றிருப்பான். ஆனால் அப்பாவே, கரியில் குற்றம் இல்லை. கரிக்குக் கூலி கொடுக்காதவர்களிடம்தான் குற்றம். அதற்காகப் படித்தவன் கரியைவிட்டு ஓடினால், கரியோடு இருக்கிறவர்களுக்கு அந்த மரியாதை எந்த ஜென்மத்தில் கிடைக்கும்?

நம்ம திருச்சியிலேயே பாருங்கள். ஆர்தர் காட்டன் 1836-ல் மேலணை வேலையைத் தொடங்கி 1838-ல் முடித்தார். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் அவர் கற்றுக்கொண்டார். கல்லணையைக் கட்டியவர்களிடம் என்ன டிப்ளமோ இருந்தது? பொன்மலை ரயில்வே பணிமனைக்கு வாருங்கள். சுவிட்சர்லாந்தில் செய்த பழைய நீராவி எஞ்சின்களின் மாதிரியிலேயே புதிய எஞ்சின்களை இங்கே செய்து ஊட்டி மலை ரயிலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ரயில் அது. அதே மாதிரி வேலையை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் ஒருவர் செய்தால் மட்டும் ‘ஓட்டை உடைசல் ரிப்பேர்’ என்கிறோம்.

புகைவிடும் பழைய வண்டியை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இந்த வண்டியை தினமும் ரோட்டில் ஓட்டச் சொல்லவில்லை. ஏர்பேக் கிடையாது, மாசு விதிகள் வருவதற்கு முன் பிறந்தது. புகையையும் பிரேக்கையும் கறாராகச் சோதித்து, தேறாததை ஓரங்கட்டட்டும். ஆனால் இப்போதுள்ள விதி என்ன பார்க்கிறது? வயதையும் காசையும். 2021-ல் வந்த விதிப்படி 50 வயது தாண்டினால்தான் ‘விண்டேஜ்’ அந்தஸ்து. முதல் கான்டெசாவுக்கே அது 2034-ல்தான். 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025-ல் 10,000. பங்களாவில் நாலு பழைய கார் நிறுத்தியிருப்பவருக்கு இது ஒரு ஹோட்டல் பில். மாமாவுக்கு ஒரு மாசச் சாப்பாடு. பயிற்சிக்காகச் சீரமைக்கிற வண்டிக்காவது கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று கேட்க நம் மாணவர் பேரவைக்கு வாய் இல்லையா?

பேரவைத் தோழர்களிடம் இன்னும் ரெண்டு கோரிக்கை. வருகிற வருஷம் துறைக்கு ஒரு பழைய வண்டி, அது அம்பாசிடரோ, பத்மினியோ, ஒரு புல்லட்டோ, வாங்கி நிறுத்தக் கேட்போம். வாரம் ஒரு மதியம் ஒரு டிங்கரையோ லேத்துக்காரரையோ நாற்காலி போட்டு உட்கார வைத்து, சம்பளம் கொடுத்துச் சொல்லித் தரச் சொல்வோம். மாமாவின் ரெண்டு மகன்களுமே பட்டறைப் பக்கம் வருவதில்லை. ஒருவன் செல்போன் கடையில் இருக்கிறான், இன்னொருவன் ஒரகடத்தில் கம்பெனி வேலை. அவர் கையில் இருப்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை அளந்து, வரைந்து, எழுதி வைக்க ஆள் வேண்டும். வரையத் தெரிந்தவர்கள் நாம்தானே?

இப்போதைக்கு வண்டிக்குத் தரை முடிந்தது, பிரேக் முடிந்தது, எஞ்சின் போரிங்கில் இருக்கிறது. டிக்கித் தகரம் பாக்கி. இடது பக்கப் பின் விளக்குக் கண்ணாடிக்குப் புதுப்பேட்டை வரை போய்க் கடை கடையாக ஏறி இறங்கியாச்சு, கிடைக்கவில்லை. உங்கள் ஊர்க் காயலான் கடையில் எங்காவது ஒரு கான்டெசா கவிழ்ந்து கிடந்தால், உடைப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மூன்றாமாண்டு மெக்கானிக்கல், கடைசி பெஞ்ச்.