கிறுக்கல் என்று சொல்லாதீர்கள்!

என்ன, இந்த முறை ஊறுகாயும் இல்லை, கைவைத்தியமும் இல்லை, ஓவியமா என்று பார்க்கிறீர்களா? ஆமாம் சகோதரிகளே! 46 வயதில் நான் மறுபடியும் மாணவி ஆகியிருக்கிறேன்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு ஒருநாள் பரணைச் சுத்தம் செய்தேன். அவள் சின்ன வயதில் வைத்திருந்த கிரேயான் டப்பா கிடைத்தது. முக்கால்வாசி கிரேயான்கள் தேயவே இல்லை. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன். "நாமாவது இதைத் தேய்ப்போமே" என்று தோன்றியது.

எங்கள் தெருக்கோடியில் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு எடுக்கிறார். எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். நடுவில் நான் ஒருத்தி, புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக. "ரவிவர்மா ஆகப் போறியாக்கும்!" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். செய்யட்டுமே!

மாஸ்டர் எங்களுக்கு இரண்டு வேலைகள் கொடுத்தார். முதலாவது தத்ரூப ஓவியம், அதாவது கண்ணால் பார்ப்பதை அப்படியே வரைவது. இரண்டாவது அரூப ஓவியம். அதில் பொருள் எதுவும் தெரியக் கூடாது. ஆனால் விஷயம் இருக்க வேண்டும்.

தத்ரூபத்துக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பு. 20 வருஷமாகத் தினமும் தேய்க்கிற சொம்பு, எனக்குத் தெரியாததா என்று நினைத்தேன். வாயை முழு வட்டமாகப் போட்டு, அடியைத் தட்டையாக ஒரு கோடு இழுத்து முடித்துவிட்டேன். மாஸ்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்மா, நீங்க சொம்பைப் பார்க்கலை. சொம்பு இப்படித்தான் இருக்கும்னு மனசிலே இருக்கே, அதைப் போட்டிருக்கீங்க" என்றார்.

உண்மைதான்! மேஜைமேல் வைத்துச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். வட்டமான வாய் நமக்கு நீள்வட்டமாகத்தான் தெரியும். அடியும் நேர்கோடு இல்லை, வளைவுதான். அதுவும் வாயை விட அடியின் வளைவு கொஞ்சம் அதிகமாகத் தெரியும், கண்ணுக்கு அதிகம் கீழே இருப்பதால். இத்தனை வருஷம் தேய்த்தும் எனக்கு இது தெரியாமல் போயிற்றே!

வீட்டில் முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பொருளை ஜன்னலோரம் வையுங்கள். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். கையை முழுதாக நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அகலத்தைப் போல உயரம் எத்தனை மடங்கு என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு கண்ணைப் பாதி இடுக்கிப் பார்த்தால் எது இருட்டு, எது வெளிச்சம் என்று தெளிவாகத் தெரியும். லேசான கோட்டுக்கு எச்.பி. பென்சில், நிழலுக்கு 2பி, கருக்க வேண்டிய இடத்துக்கு 6பி. பளபளப்புக்கு எந்தப் பென்சிலும் வேண்டாம், வெள்ளைத் தாளை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். விரலால் மட்டும் தேய்க்காதீர்கள். கை எண்ணெய்ப் பிசுக்கு தாளில் திட்டுத் திட்டாக நிற்கும்.

மூன்று வாரத்தில் சொம்பு, சொம்பாகவே வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை!

அடுத்தது அரூபம். "காலையில் உங்கள் சமையலறை" என்பது தலைப்பு. அடுப்பு, பாத்திரம் எதுவும் வரையக் கூடாது. இது சுலபம் என்று நினைத்து, இருக்கிற வர்ணத்தையெல்லாம் கொட்டி இழுத்தேன். மாஸ்டர் இதற்குச் சிரிக்கவில்லை. "இதிலே எந்தக் கோட்டை எடுத்தாலும் ஒண்ணும் குறையாது. அப்படீன்னா எதுவுமே தேவைப்பட்டு வரலைன்னுதானே அர்த்தம்?" என்றார்.

பிறகு ஒரு புத்தகத்தில் பிக்காசோவின் காளை மாட்டுப் படங்களைக் காட்டினார். 1945 கடைசியிலும் 1946 தொடக்கத்திலும் ஒரே காளையை 11 நிலைகளில் செய்திருக்கிறார். முதலில் சதையும் ரோமமுமாக நிஜக் காளை. வரவர ஒவ்வொன்றாகக் குறைத்து, கடைசியில் சில கோடுகள்தான். ஆனாலும் காளை போகவில்லை! அரூபம் என்றால் கண்டபடி இழுப்பது இல்லை, எதை விடலாம் என்று யோசித்து விடுவது என்று அப்போதுதான் புரிந்தது.

நம் ஊரிலும் இதற்கு ஆள் இல்லாமல் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர், எழுத்துக்களையும் ஜாதகக் கட்டம் போன்ற கட்டங்களையும் வைத்தே ஓவியம் தீட்டியவர். இவ்வளவு ஏன், நாம் வாசலில் போடுகிற சிக்குக் கோலம் என்னவாம்? அது பூவா, பறவையா? எதுவும் இல்லை. புள்ளியும் கோடும்தான். ஆனால் ஒரு கோடு தப்பினால் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடுகிறதே!

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பால் காய்ச்சும்போது யோசித்தேன். என் சமையலறையில் எதை எடுத்தால் காலை, காலையாக இருக்காது? பால் பொங்குவதற்கு முந்தைய அந்த ஒரு நிமிஷம்! வீடே தூங்குகிறது, நான் மட்டும் கண் இமைக்காமல் நிற்கிறேன். அதைத்தான் போட்டேன். தாள் முழுக்க இருண்ட நீலம். அடியிலிருந்து ஒரு வெள்ளை, மெல்ல அகன்று மேலே ஏறி, விளிம்புக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். நாலு தாள் பாழான பிறகு வந்தது. மாஸ்டர் வெகு நேரம் பார்த்தார். "இதிலே எடுக்க ஒண்ணும் இல்லைம்மா" என்றார். சொம்புக்குக் கூட நான் இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

இரண்டு படங்களையும் செல்போனில் மகளுக்கு அனுப்பினேன். ராத்திரி பேசினாள். "சொம்பு சூப்பர்மா! இன்னொண்ணு என்னன்னு புரியலை. ஆனா அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டிருக்கேன்." அப்புறம் சாதாரணமாகச் சொன்னாள்: "எனக்கெல்லாம் இது வராதும்மா. சின்னதிலேயிருந்தே டிராயிங் வராதே!"

எனக்குச் சுருக்கென்றது.

யு.கே.ஜி. படிக்கும்போது 'என் அம்மா' என்று படம் வரைந்து வரச் சொன்னார்கள். அவள் ஒரு சின்னத் தலையும், தாளை அடைத்துக்கொண்டு இரண்டு பெரிய கைகளும் போட்டாள். விரல்கள் ஏழோ எட்டோ. "கை இவ்வளவு பெரிசாவா இருக்கும்? கிறுக்கி வச்சிருக்கியே!" என்று ரப்பரால் அழித்து, நானே அழகாக ஒரு அம்மாவை வரைந்து கொடுத்தேன். என் படத்துக்கு ஸ்டார் கிடைத்தது. அன்றிலிருந்து எந்தப் படம் என்றாலும், "நீயே போட்டுக் குடும்மா" என்று பென்சிலை நீட்டிவிடுவாள். கிரேயான்கள் தேயாததற்குக் காரணம் இதுதான்.

ஊட்டிவிட்டு, தலைவாரி, தட்டிக்கொடுத்துத் தூங்க வைத்த கைகள். அவளுக்கு அம்மா என்றால் கைகள்தான் போலிருக்கிறது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைப் போட்டிருக்கிறாள். நான் 46 வயதில் நாலு தாள் பாழாக்கிக் கற்றதை அவள் தானாகவே செய்திருக்கிறாள். நான்தான் அழித்துவிட்டேன். போனில் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். "எனக்கு ஞாபகமே இல்லையேம்மா!" என்று சிரித்தாள். ஞாபகம் இல்லை, ஆனால் 'வராது' என்பது மட்டும் தங்கிவிட்டதே!

இளம் தாய்மார்களே, உங்கள் குழந்தை காக்காவுக்குப் பச்சை அடிக்கட்டும், தலையிலிருந்து நேராகக் கால் முளைக்கட்டும். மூன்று நாலு வயதில் அநேகக் குழந்தைகள் அப்படித்தான் வரைவார்கள். ரப்பரை எடுக்காதீர்கள். "என்ன இது?" என்று கேட்காமல், "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள். தாளின் பின்பக்கம் தேதியும் குழந்தை சொன்னதையும் எழுதி வையுங்கள். சொம்பின் வளைவையும் நிழலையும் பிறகு ஒரு மாஸ்டர் கற்றுத் தந்துவிடுவார். வரைய வேண்டும் என்ற ஆசை போய்விட்டால் யார் தருவார்கள்?

தீபாவளி லீவுக்கு மகள் வருகிறாள். கிரேயான் டப்பாவைத் துடைத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். இந்த முறை நான் பக்கத்தில் உட்கார்ந்து என் படத்தை மட்டும் வரையப் போகிறேன்.