கைக்குழந்தைக்குத் தைலம் எதற்கு?

"இயற்கைதானே, என்ன செய்துவிடும்?" நம் வயதுக்காரர்கள் வாயில் அடிக்கடி வரும் இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அரளி விதை இயற்கை இல்லையா? எருக்கம்பால்?

பேரப்பிள்ளைக்குச் சளி பிடித்தால் நம் கை முதலில் போவது நீலகிரித் தைலத்துக்கும் கற்பூரத்துக்கும்தான். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்க்கிறோம். துணியில் முடிந்து மூக்கருகே வைக்கிறோம். மருமகள் வேண்டாமென்றால் "உன் புருஷனை இப்படித்தான் வளர்த்தேன்" என்று ஒரு அதட்டல். பிழைத்தவர்கள்தானே இன்று பெருமை பேச இருக்கிறார்கள்!

கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். மூளையைத் தூண்டி வலிப்பை வரவழைக்கும். ஒரு கிராம் அளவு விழுங்கியே குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதிலும், நாம் கடையில் வாங்கும் பூஜைக் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்வது. இதில் இயற்கை எங்கே வந்தது?

எதற்கெடுத்தாலும் பிரான்சை மேற்கோள் காட்டும் ஊர் இது. அங்கே பிள்ளைகளின் இருமலுக்கு ஆசனவாயில் வைக்கும் மருந்தில் கற்பூரமும் யூகலிப்டாலும் சேர்த்திருந்தார்கள். 30 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும், வலிப்பு வந்திருந்த பிள்ளைக்கும் அது கூடாது என்று 2011இல் ஐரோப்பிய மருந்து முகமை சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 1983 முதலே மேல்பூச்சு மருந்தில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாமோ கட்டி கட்டியாகப் போட்டுக் காய்ச்சுகிறோம்.

பெரியவர்களும் தப்பவில்லை. கற்பூரம், நீலகிரி எண்ணெய் கலந்த தைலங்களால் பெரியவர்களுக்கே வலிப்பு வந்ததைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் ஆய்வாக எழுதியிருக்கிறார்கள்.

கடற்கரைப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் சின்னச் சின்ன வாசனை எண்ணெய்ப் பாட்டில்களும் இதே ஜாதிதான். சொட்டு எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் கலக்காமல் நேரே தோலில் வைத்தால் வெந்துபோகும். குழந்தை தூங்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு புகையவிடுவது எந்த நாகரிகமோ!

கைக்குழந்தை சளிக்குத் தாய்ப்பாலும், டாக்டர் எழுதித் தரும் உப்புநீர் மூக்குச் சொட்டும் போதும். கற்பூர டப்பாவை சாமி மாடத்தின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். தவழும் பிள்ளைக்கு அது கல்கண்டு. விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவே வேண்டாம். சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம், வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். டப்பாவையோ பாட்டிலையோ கையில் எடுத்துக்கொண்டு நேரே ஜிப்மருக்குப் போங்கள்.