மிதித்துத் தேய்ந்த முகம்

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் சில பித்தளைத் தகடுகள் இருக்கின்றன. சிலுவையில் தொங்கும் இயேசு, குழந்தையை ஏந்திய மாதா என்று ஒவ்வொன்றிலும் ஓர் உருவம். முகங்கள் மட்டும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. நம் ஊர்க் கோயில்களில் சுரூபத்தின் பாதம் தொட்டுத் தொட்டுத் தேயும். இவையோ மிதித்து மிதித்துத் தேய்ந்தவை.

'ஃபுமி-எ' என்பது ஜப்பானியர் இதற்கு வைத்த பெயர். மிதிக்கும் படம் என்று பொருள். கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், நாகசாகி வட்டாரத்தில் ஆண்டுதோறும் புத்தாண்டை ஒட்டி, வீட்டிலுள்ள அத்தனை பேரும் இதை மிதித்துக் காட்ட வேண்டும். கைக்குழந்தையின் காலைக்கூடத் தாய் பிடித்து அதன்மேல் வைக்க வேண்டும். தயங்கியவர் கிறிஸ்தவர் என்று பிடிபடுவார். அதன்பின் சித்திரவதையும் சாவும்தான்.

மணப்பாட்டிலும் தூத்துக்குடிக் கரையிலும் பரதவரோடு வாழ்ந்த அதே சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானின் காகோஷிமாவில் இறங்கினார். விசுவாசம் வேகமாகப் பரவியது. ஆட்சியாளரின் அச்சமும் கூடவே வளர்ந்தது. 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். அவர்களில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் உண்டு. மும்பைக்கு அருகே வசையில் பிறந்த கொன்சாலோ கார்சியாவும் உண்டு. 1614-இல் நாடு முழுவதும் தடை வந்தது. எஞ்சியிருந்த கடைசிக் குருவும் 1644-இல் கொல்லப்பட்டார்.

மறைசாட்சிகளுக்குத் திருநாள் எடுக்கிறோம், எடுக்கத்தான் வேண்டும். ஆனால் குருவும் கோயிலும் இல்லாமல் அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த விசுவாசத்தைச் சுமந்தவர்கள் யார்? அந்தப் படத்தை மிதித்தவர்கள்தான்.

மிதித்துவிட்டு வீடு திரும்பியதும், கதவைச் சாத்திக்கொண்டு 'கொன்சிரிசான்' சொல்வார்கள். நம் பாட்டிமார் உத்தம மனஸ்தாபம் என்று சொன்னார்களே, அதுதான். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத இடத்தில், கடவுள்மேல் வைத்த அன்பினால் மனம் உருகினால் மன்னிப்பு உண்டு என்று சொல்லும் சிறு நூல் ஒன்று 1603-இலேயே அங்கு வந்திருந்தது. அதைக் கையால் எழுதி எழுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கிராமத்தில் ஒருவர் திருநாள்களைக் கணக்குப் பார்த்துச் சொல்வார், இன்னொருவர் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். ஒவ்வொரு புத்தாண்டிலும் மிதித்தார்கள். ஒவ்வொரு முறையும் அழுதார்கள். ஏழு தலைமுறை இப்படியே போயிற்று.

இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பாடுகளைப் பற்றி நாம் பிரசங்கிக்கும்போது அசையாத வீரர்களையே காட்டுகிறோம். மிரட்டலுக்குப் பயந்து ஜெபக்கூட்டத்தை நிறுத்தியவர், அடி தாங்காமல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டவர், இவர்களெல்லாம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக் கூனிக் குறுகுகிறார்கள். பேதுருவும் குளிர்காய்ந்துகொண்டே மூன்று முறை மறுதலித்தவர்தானே? கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தேசியஸ் வாட்டியபோது விழுந்துபோனவர்களுக்கும், மனம் வருந்தித் தவம் செய்த பிறகு, திருச்சபை கதவைத் திறந்தே வைத்தது. ஆடுகளை மேய்க்கும் பொறுப்பு மறுதலித்தவர் கையில்தான் கொடுக்கப்பட்டது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

1865 மார்ச் 17. வெளிநாட்டவருக்காக நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா கோயிலின் வாசலில் பதினைந்து பேர் போலத் தயங்கி நின்றார்கள். பக்கத்து உராகாமியிலிருந்து வந்த உழவர்கள். பிரெஞ்சுக் குரு பெத்திஜான் உள்ளே அழைத்தார். ஒரு பெண் அவர் அருகில் வந்து, தங்கள் இருதயமும் அவருடையதும் ஒன்றே என்று மெல்லச் சொன்னாள். பிறகு, மாதா சுரூபம் எங்கே என்று கேட்டாள்.

துன்பம் அதோடு தீரவில்லை. 1867-இல் உராகாமியில் பலரைப் பிடித்துச் சென்று வதைத்தார்கள். தக்காகி செனெமோன் என்பவர் மட்டும் அசையவில்லை. மற்றவர்கள் வதை தாங்காமல் 'விசுவாசத்தை விட்டுவிடுகிறோம்' என்று சொல்லி விடுதலையாகி வந்தார்கள். ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவர்களில் பலர் தாங்களாகவே அதிகாரிகளிடம் திரும்பிப் போய், சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். என்ன காத்திருக்கிறது என்பது முதல் முறையைவிட இப்போது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் போனார்கள். இந்த வரலாற்றில் என்னை அதிகம் உலுக்குவது நிஷிசாகாவின் சிலுவைகள் அல்ல, இந்தத் திரும்பி நடந்த நடைதான்.

அடுத்து ஊரையே வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 3,400 பேர் நாட்டின் பல பகுதிகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். பசியிலும் குளிரிலும் வதையிலும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேர் மறுதலித்தார்கள். 1873-இல் தடை நீங்கியதும் எஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள். முன்பே தளர்ந்து திரும்பியவர்களும் அதே ஊரில்தான் இருந்தார்கள். பலர் மீண்டும் செபத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கோயில் கட்ட நிலம் தேடியபோது ஊர்த்தலைவரின் பழைய வீட்டு மனை விலைக்கு வந்தது. ஆண்டுதோறும் தகட்டை மிதிக்க வரிசையில் நின்றது அந்த வீட்டில்தான். ஏழைக் குடியானவர்கள் காசு சேர்த்து அதையே வாங்கினார்கள். 1895-இல் வேலை தொடங்கியது. 1914 வரை செங்கல் செங்கலாக அடுக்கினார்கள். தகட்டை மிதித்த கால்களே, முதுமையில், ஞாயிறுதோறும் அந்த மனைக்கு ஏறி வந்தன.